தூணில் ஐந்து கோடு

கம்பித் தூரிகை மகளின் கையில், தகடு அப்பாவின் கையில். இரண்டு அலுமினியத் தகடுகளைப் பளபளவென்று தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பாதித் தடிமனாகும். அதை இரண்டாக வெட்டி, அடுக்கி, மறுபடி நசுக்க வேண்டும். ஆறு சுற்றில் அறுபத்து நான்கு அடுக்கு. தடிமன் மட்டும் எப்போதும் அதே ஒரு மில்லிமீட்டர். தூக்கினால் லேசு, வளைத்தால் முறைத்துக்கொண்டு நிற்கும்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும், அதுவரை எத்தனை சுற்றோ அத்தனை கோடு அப்பா தகட்டில் சாக்பீஸால் போடுவார். தேய்த்தால் அழிந்துவிடும் என்பதால், அதற்குமுன் கோடுகளை எண்ணிப் பட்டறைத் தூணில் குறித்துக்கொள்வார். அன்று அவர் திரும்புவதற்குள் மகள் தேய்த்துவிட்டாள்.

"அழிச்சுட்டியா? படிச்ச புள்ளைக்கு அவசரத்தைப் பாரு!"

"நீங்க ஆடி அசைஞ்சு வந்தா நான் என்னப்பா பண்றது? எத்தனை இருந்துச்சு?"

"எல்லாம் என் தலைக்குள்ள பத்திரமா இருக்கு. நீ தேய் பாப்பா."

நசுக்கினார்கள். அப்பா விளிம்பை நறுக்கிச் சரிசெய்தார். மறுநாள் காலை குளியலறையில் விழுந்தவர் எழவே இல்லை.

பத்து நாள் கழித்து மகள் தூணின் முன் நின்றாள். ஐந்து கோடு. அன்றைய சுற்றையும் சேர்த்தா, சேர்க்காமலா? சக்கர நாற்காலியின் கால்தட்டுக்குப் போக வேண்டிய தகடு, இருப்பது அது ஒன்றுதான். ஐந்தே சுற்று என்றால் பலம் போதாது. ஆறு முடிந்திருந்து இன்னொரு முறை நசுக்கினால் விளிம்பு வெடித்துப் பாழாகும். ஒரு துண்டு அறுத்து, தான் வேலைபார்க்கும் லேபின் நுண்ணோக்கியில் அடுக்குகளை எண்ணலாம். அறுத்தால் அகலம் பற்றாது. படித்த படிப்பு அந்த இடத்தில் கையை விரித்தது.

"என்னம்மா, ஏத்தட்டுமா?" அப்பாவோடு உருளை ஓட்டிய சித்தப்பா கேட்டார்.

"அஞ்சா ஆறான்னு தெரியலையே சித்தப்பா. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"ஆறுன்னார். டீ குடிச்சுட்டு வந்து அஞ்சுன்னார். நான் ரெண்டுக்கும் தலையாட்டினேன்."

அப்பாவையே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள். பாதி எண்ணை அழுத்திய பிறகுதான் உறைத்தது. போனைக் கைப்பையில் வைத்துவிட்டு அவருடைய அலமாரியைத் திறந்தாள். வேலைச் சட்டைப் பையில் மடித்த காகிதம். உள்ளே, அன்று நறுக்கிய விளிம்பில் விரல்நீளத் துண்டு. காகிதத்தில், செய்ய வேண்டியதை மறக்காமலிருக்க அவர் எப்போதும் எழுதிக்கொள்ளும் கோணல் எழுத்து:

'நாளைக்கு லேபில் பாப்பாவிடம் கொடுத்து எண்ணச் சொல்லணும். எனக்கும் மறந்துபோச்சுன்னு சொல்ல வேண்டாம்.'