இடது பக்கச் சுவர்

கழக்கூட்டம் பகுதியில் ஒரு ஃபிளாட்டின் ஒன்பதாவது மாடியில் இருந்தபோது என் ஜன்னலை முழுசாகத் திறக்க முடியாது. கண்ணாடியை ஒரு சாண் நகர்த்தலாம், அவ்வளவுதான். தரை வெள்ளை, சுவர் வெள்ளை, அடுத்த ஃபிளாட்டும் அதே மாதிரி. ஒருநாள் போனைப் பார்த்துக்கொண்டே லிஃப்டிலிருந்து எட்டாவது மாடியில் இறங்கி, யார் வீட்டுப் பூட்டிலோ என் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவர் கோபப்படவில்லை. தானும் ஒருமுறை இப்படிச் செய்ததாகச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரமே பழைய வீடு தேட ஆரம்பித்தேன்.

நகரின் பழைய பகுதியான கரமனையில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, அக்ரஹாரத்து வீடு ஒன்றின் மாடி காலியாக இருந்தது. கீழே வீட்டுக்கார அம்மாள் மட்டும் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, மகன் பெங்களூரில். தெருவில் எல்லாரும் கூப்பிடுவதுபோல நானும் மாமி என்றே கூப்பிட்டேன். மாடியில் மீன், கறி சமைக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு நிபந்தனை போடவில்லை. நான் மார்த்தாண்டம் பக்கத்தில் கிறிஸ்தவச் சபைக்குப் போகிற குடும்பத்துப் பெண். அதை முதலிலேயே சொன்னபோது, "அதொண்ணும் சாரமில்லை. மாடியில ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான். இல்லேன்னா பிள்ளை என்னைப் பெங்களூருக்கு இழுத்துண்டு போயிடுவான்" என்றார்.

வீட்டைக் காட்டும்போது குறைகளை மட்டும்தான் சொன்னார். "மழை பெஞ்சா அங்கங்க ஒழுகும். தண்ணி மேல ஏற நேரமாகும். ஸ்விட்ச் எல்லாம் அந்தக் காலத்தது. இப்பவே சொல்லிட்டேன், அப்பறம் கொறை சொல்லப்படாது, கேட்டியா."

அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்த சிவப்புத் தரையை, ஜன்னலில் கட்டைவிரல் தடிமனுள்ள மர அழிகளை, உருண்டையான கறுப்பு ஸ்விட்சுகளை. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மரப்படியை. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள ரேழியிலிருந்து அது செங்குத்தாக ஏறியது. பதினாறு படிகள். வலது பக்கம் கைப்பிடி கிடையாது. மேலே உத்தரத்தில் கட்டி ஒரு கயிறு தொங்கவிட்டிருந்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். இடது பக்கம் சுண்ணாம்புச் சுவர். அந்தச் சுவரில், படிகளோடு கூடவே கீழிருந்து மேல்வரை, எண்ணெய் ஊறியதுபோல் வழவழப்பான ஒரு கறுத்த பட்டை ஓடியது. எத்தனை தலைமுறைக் கைகள் தடவிய தடமோ என்று நினைத்து எனக்குப் புல்லரித்தது. அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டேன். ஆபீசில் இரண்டு பேர் அந்த வீட்டைப் பார்க்கவே வந்தார்கள்.

படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன நடை. ஒரு பக்கம் என் கதவு, மறுபக்கம் மொட்டை மாடிக் கதவு. தினமும் பத்தரை மணிக்கு மாமி அந்த வழியாக மொட்டை மாடிக்குப் போய்க் காக்காய்க்குச் சாதம் வைப்பார். அது வந்து எடுத்த பிறகுதான் கீழே இறங்கிச் சாப்பிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் உயர்த்திக் கட்டியதிலிருந்து கீழே முற்றத்துக்குக் காக்காய் வருவதில்லையாம். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலை எட்டு மணிக்கு நான் பஸ் பிடிக்க ஓடிவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்தே ஊருக்குப் போனால் திங்கட்கிழமை நேராக ஆபீஸ். பத்தரை மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்று அப்போதெல்லாம் நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருக்கும் நாலு பருக்கைகளைத்தான் பார்ப்பேன்.

எங்கள் வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வழக்கமான ஒப்பந்தம். இரண்டாவது முறை கையெழுத்துப் போட நான் கீழே போனபோது ஒரு மேஸ்திரி ரேழியில் நின்று படியை அளந்துகொண்டிருந்தார். மரப்படியை எடுத்துவிட்டுச் சாய்வாக சிமென்ட் படி போடப் போவதாக மாமி சொன்னார். மூட்டு முன்னைப்போல் இல்லையாம்.

"இந்தப் படிக்காகத்தான் மாமி நான் இங்க வந்ததே. இத எடுத்தா இந்த வீட்டுல என்ன இருக்கு?" என்றேன்.

மேஸ்திரி நல்ல மனிதர். படியைத் தொட வேண்டாம், இடது பக்கச் சுவரில் ஒரு இரும்புப் பைப்பாவது பிடித்துவிடலாம், அரைநாள் வேலை என்றார். "இரும்புப் பைப்பா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்று முகத்தைச் சுளித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, "அப்ப நான் வேற வீடு பாக்க வேண்டியதுதான்" என்றேன். பாதி விளையாட்டாகச் சொன்னது. மீதிப் பாதி விளையாட்டு இல்லை. மாடியில் ஆள் இல்லாவிட்டால் அவர் என்ன ஆவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மாமி பேனாவை மூடித் திறந்தார். "செரி, இருக்கட்டும். நீ சொல்றதும் நியாயந்தான். பழசுக்கு ஒரு அழகு உண்டு" என்றார். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, படிச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லி அந்தக் கறுத்த பட்டையையும் காப்பாற்றினேன். பெரிய காரியம் செய்த நினைப்பு எனக்கு.

அடுத்த வருஷம் ஒரு காய்ச்சல் நாளில் வீட்டில் படுத்திருந்தேன். படியில் ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி கேட்கும். யாரோ படியைத் துடைக்கிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். நடுப்படியில் மாமி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். வலது கையில் வாழையிலைத் துண்டு, அதன்மேல் ஒரு பிடி சாதம், கொஞ்சம் பருப்பு. இடது உள்ளங்கையைச் சுவரில் ஊன்றியிருந்தார். மேலே உள்ள சின்ன ஜன்னலிலிருந்து வெயில் அவர் தோளில் விழுந்தது.

"என்ன மாமி, இங்க உக்காந்திருக்கீங்க?"

"சும்மாதான். இங்க காத்து நன்னா வரது" என்றார். மூச்சு வாங்கியது.

நான் உள்ளே ஓடினேன். சொம்பில் தண்ணீர் எடுக்க அல்ல, போனை எடுக்க. அந்த வெளிச்சம் போய்விடக் கூடாதே என்ற அவசரம். படம் எடுத்து அவரிடமே காட்டினேன். "அழகா இருக்கேனா?" என்று கேட்டார். ரொம்ப அழகு என்றேன். பிறகு என் கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

ஜூன் மாதம், எடவப்பாதி மழை பிடித்த ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீசில் கூட்டத்தில் இருந்தபோது போன் வந்தது. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா, மலையாளமும் தமிழுமாக அழுதுகொண்டே பேசினாள். "மாமி வீணு போயி, விழுந்துட்டாங்க. நான் வந்தப்போ ரேழியில கிடக்குறாங்க. சோறெல்லாம் சிதறிக் கிடக்குது." மேலே ஒழுகிய தண்ணீர் படியில் நின்றிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அவள் பதினோரு மணிக்கு வரும்வரை மாமி தரையிலேயே கிடந்திருக்கிறார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மகனைப் பார்த்தேன். என்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதுதான் கொடுமை. "ரெண்டு வருஷமா அந்தப் படிய மாத்தச் சொல்லிண்டே இருக்கேன். அம்மா கேக்கவே இல்லை. பழசுக்கு ஒரு அழகு உண்டுன்னு அதையே சொல்லிண்டிருந்தா" என்றார். கட்டிலிலிருந்து மாமி என்னைப் பார்த்தார். ஒருவேளை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ, சொல்லிவிடப் போகிறேனோ என்று பயந்தாரோ, தெரியாது. "நீ ஏதாவது சாப்பிட்டியாடி?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அன்று சொல்லாததை அதற்குப் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பதினான்காவது மாடி, லிஃப்ட் உண்டு, காக்காய்க்குச் சாதம் வைக்க இடம் இல்லை என்று போனில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். வீட்டை விற்பதாக முடிவானது. நானும் பெட்டி கட்டினேன்.

காலி செய்கிற நாளில் லீவு போட்டேன். பத்தரை மணிக்கு, கொஞ்சம் சாதம் வடித்து, கீழே முற்றத்தில் நின்ற வாழையிலிருந்து ஒரு இலைத் துண்டு அறுத்து, அதில் வைத்து எடுத்துக்கொண்டு படி ஏறினேன். சாதத்தை வலது கையில்தான் பிடிக்க வேண்டும் என்று மாமி சொல்லியிருந்தார். மூன்றாவது படியில்தான் எனக்கு உறைத்தது. கயிறு வலது பக்கம் தொங்குகிறது. சாதத்தோடு ஏறுகிறவரால் அதைத் தொடவே முடியாது. இத்தனை வருஷமும் நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தக் கயிற்றைப் பிடித்து, இரண்டிரண்டு படியாக ஏறியிருக்கிறேன்.

இடது கையைச் சுவரில் வைத்தேன். என் கை வெறும் வெள்ளைச் சுண்ணாம்பில் பட்டது. கறுத்த பட்டை அதற்கு வெகு கீழே, என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நின்று ஏறுகிற யாருடைய கையும் அங்கே படாது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே அடுத்த படிக்கு என்னைத் தூக்கிக்கொள்ள இடது கையை ஊன்றினேன். உள்ளங்கை சரியாக அந்தக் கறுப்பின்மேல் போய் நின்றது.