அனுமதி கேட்ட ஆடுகளம்

ஒரு கோப்பைத் தண்ணீரைத் தரையின் நடுவில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தியிருந்து பார்த்த ஓவசியரின் முதுகுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அன்புவழிபுரத்தில் அவருடைய வீட்டுப் பின்வளவு, காலை ஆறரை மணி. தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, அவசரமில்லாமல், இரு பக்கமும் ஒரே அளவில் வழிந்தது. நாற்பத்து நான்கு அடி நீளம், இருபது அடி அகலம், சுற்றிவர ஒதுங்கி நிற்க இடம். ஒரு பட்மின்ரன் ஆடுகளத்துக்குத் தேவையான எல்லாம் இருந்தது. அவர் போட்ட வீதி எதிலும் இப்படியொரு ஒழுங்கை நான் கண்டதில்லை என்றேன். "அது அரசாங்கத்தின்ர சேர். இது மகளின்ர" என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே உள்ளூராட்சி அலுவலகத்தில் வேலை செய்தவர்கள். நான் பிரதம இலிகிதர், அவர் வீதி வேலைகளின் ஓவசியர். அவருக்குக் காகிதம் ஒத்துவராது, எனக்கு வெயில் ஒத்துவராது. அதனால் எங்களுக்குள் சண்டை வர வாய்ப்பில்லாமல் போயிற்று. ஓய்வுபெற்ற பிறகும் வீட்டுக்கு வரும் கடிதங்களை உறை பிரிக்காமலே என்னிடம் கொண்டுவருவார். எந்தப் படிவத்தை எந்த மேசையில் கொடுக்க வேண்டும், எதற்கு எத்தனை பிரதி, யார் கையொப்பம் இல்லாமல் எது செல்லாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இதை ஒரு திறமை என்று நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

மகளுக்கு அப்போது பதினேழு வயது. பாடசாலை அணியில் முதலாவதாக நிற்பவள். முறையாகப் பயிற்சி எடுத்தால் மாகாண அணிக்குப் போவாள் என்று பயிற்றுவிக்கும் ஆசிரியை சொல்லியிருந்தார். பயிற்சி நகரத்து மண்டபத்தில், பின்னேரங்களில். முடிந்து வீடு வர ஏழரை ஆகிவிடும். தாய் சம்மதிக்கவில்லை. "குமர்ப்பிள்ளை இருட்டுக்குள்ள ஓட்டோவில தனிய வாறது சரிவராது. விளையாடுறதெண்டால் வீட்டில விளையாடட்டும்" என்றுவிட்டார். நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்லிக் கதையை முடித்துவிட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். ஓவசியர் அதை வேலைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். மறுநாளே பின்வளவு முருங்கைகள் இரண்டும் விழுந்தன. கல் அடுக்கி, இறுக்கி, கொங்கிறீட் போட்டு, ஈரச் சாக்கு மூடி, பங்குனி முடிவதற்குள் தரை தயாராகிவிட்டது. "ஊரெல்லாம் ரோட்டுப் போட்டது காணாதெண்டு இப்ப வளவுக்குள்ளயும் போடுறார்" என்று தாய் என்னிடம் முறைப்பட்டார். ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஆசிரியை கிழமையில் இரண்டு நாள் வீட்டுக்கே வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்து, தன் பிள்ளைகளையும் சேர்க்கச் சொன்னார். அந்த ஒன்றரை மாதம் அந்த வளவிலிருந்து வந்த சிரிப்புச் சத்தத்துக்கு யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை.

வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியது. எங்கள் ஊரில் அது வீசத் தொடங்கினால் கொடியில் துணி நிற்காது. பட்மின்ரன் பந்துக்கு என்ன கதி? மகள் வடக்கே அடித்தால் பந்து கிழக்கே பக்கத்து வளவுக்குப் போனது. ஓவசியர் மூன்று நாள் தாடியைச் சொறிந்துகொண்டு திரிந்தார். நாலாம் நாள் என் வீட்டுக்கு வந்தார். காற்று வரும் பக்கம் இரும்புத் தூண் நட்டு, பன்னிரண்டு அடி உயரத்துக்குத் தகரம் அடிக்கப் போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவாராம்.

பன்னிரண்டு அடிக்கு அனுமதி எடுக்க வேண்டும் என்றேன்.

"சேர், வெறும் தகரம். ஆர் கேட்கப் போறாங்கள்?"

"ஆராவது முறைப்பாடெண்டு ஒரு பெட்டிசம் போட்டால் காணும். பிறகு தரையையும் சேர்த்துக் கேட்பாங்கள்."

"பெட்டிசம் போட ஆர் இருக்கினம்? இந்த ஒழுங்கைப் பிள்ளையள் முழுக்க எங்கட வளவிலதான் விளையாடுது."

"இண்டைக்கு இல்லை. நாளைக்கு?"

அவர் கொஞ்ச நேரம் என் மேசையில் அடுக்கியிருந்த கோப்புகளைப் பார்த்தார். பிறகு, "நீங்கள் சொன்னால் சரிதான் சேர். எழுதுங்கோ" என்றார். தகரமும் தரையும் சேர்த்து, முறைப்படி, மூன்று பிரதிகளில் விண்ணப்பத்தை எழுதினேன். வரைபடத்தை நானே கீறினேன். அழகான விண்ணப்பம். பயிற்சி வகுப்பில் மாதிரியாகக் காட்டலாம்.

யாரும் இலஞ்சம் கேட்கவில்லை, கோப்பும் எங்கும் தூங்கவில்லை. இரண்டாம் கிழமையே எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடாவுடன் வந்தார். மரியாதையான பெண், தேநீர்கூடக் குடிக்கவில்லை. அவர் கையில் இருந்த சரிபார்ப்புப் பட்டியல் என் காலத்தில் நான் தயாரித்தது. பழைய நில அளவை வரைபடத்துடன் எல்லையை ஒப்பிடுக என்று அதில் ஒரு வரி உண்டு. அவர் ஒப்பிட்டார். வளவின் பின்பாதி, பின்னால் ஓடும் மழைநீர்க் கானுக்கென ஒதுக்கிய அரச காணி என்று வந்தது. அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கிணறும், கோழிக்கூடும், குளியலறையும் அதே ஒதுக்கீட்டில்தான் நிற்கின்றன. அவர்கள் எவரும் அனுமதி கேட்கவில்லை. ஆகவே எவருக்கும் கடிதம் போகவில்லை. ஓவசியருக்கு மட்டும் பதிவுத் தபாலில் வந்தது: முப்பது நாளுக்குள் தரையை அகற்றி, பின்மதிலை உள்ளே தள்ளிக் கட்டி, இடத்தை முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஆடுகளத்துக்கு எதிராகக் கடைசிவரை ஒரு பெட்டிசமும் வரவில்லை. அதைக் காட்டிக்கொடுத்த ஒரே காகிதம் என் கையெழுத்தில் இருந்தது.

மேன்முறையீடு எழுதினேன். அதற்கும் காலம் தவறாமல், பிழையில்லாமல் மறுப்புப் பதில் வந்தது. ஆள் பிடித்து உடைக்கலாம் என்றேன், ஓவசியர் கேட்கவில்லை. "நல்லா இறுகியிட்டுது சேர். வேற ஆக்களுக்கு எங்க தொடங்கிறதெண்டு தெரியாது" என்று சம்மட்டியை எடுத்தார். ஆறு நாள் எடுத்தது. நல்ல வேலை என்பதால் உடைவதற்கும் நேரமாயிற்று. மகள் குசினி வாசலில் நின்று பார்த்தாள். ஒரு நாள் மட்டும், "அம்மா, மாகாணத் தெரிவுப் போட்டிக்கு மட்டும் ரவுணுக்குப் போய் வரட்டே?" என்று கேட்டாள். "ஏலாது" என்ற குரல் உள்ளேயிருந்து வந்தது. அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஓவசியர் சம்மட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். இதற்கு அடுத்ததாக என்ன படிவம் என்று கேட்பவரைப் போல்தான் பார்த்தார்.

மூன்று வருடம் கழித்து அவர் இறந்தார். சீனி வருத்தம், பிறகு சிறுநீரகம். இறப்புச் சான்றிதழில் காரணம் தெளிவாக எழுதியிருக்கிறது. வாழ்நாள் முழுவதும் பத்திரங்களை நம்பியவன் நான்; இந்த ஒன்றை மட்டும் முழுதாக நம்ப முடியவில்லை.

போன மாதம் அவருடைய மகள் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பம். தாயை இப்போது அவள்தான் பார்க்க வேண்டும். தகப்பனைப் போலவே வெற்றுப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுக் கதிரை நுனியில் இருந்தாள். பெயர், முகவரி, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் ஒழுங்காக நிரப்பிக்கொண்டு வந்தேன். விளையாட்டுத் திறமைகள் என்று நிரப்ப வேண்டிய ஒரு கூடு வந்தது. பேனை நின்றது.

"பாடசாலை அணியில விளையாடினது இருக்குத்தானே, பிள்ளை. அதை எழுதட்டே?"

"வேண்டாம் சேர். பிறகு நேர்முகத்தில ஏன் விட்டனீங்கள் எண்டு கேட்பினம்."

"அப்ப என்ன எழுத?"

"இல்லை எண்டு போடுங்கோ."

கூட்டை வெறுமையாக விடக்கூடாது என்பது விதி. 'இல்லை' என்று தெளிவான எழுத்தில் எழுதினேன். அவள் கையொப்பமிட்டு, தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்தாள். படலையடியில் நின்று திரும்பி, உண்மையான நன்றியோடுதான் சொன்னாள்: "அப்பா எப்பவும் சொல்லுறவர் சேர். நீங்கள் எழுதிக் குடுத்தால் பிழையெண்டு ஒண்டும் திரும்பி வராதாம்."

ஓம் என்றேன். இன்றுவரை ஒன்றும் வந்ததில்லை.