மூன்றாவது நீல இன்ஹேலர்

அந்த நெஞ்சக மருத்துவமனையின் மருந்து ஜன்னலில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருந்தவளைச் சிடுமூஞ்சி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அவள் கவலைப்படவில்லை. அவளுக்கும் யாரையும் பிடிக்காது.

ஆஸ்துமாக்காரர்களுக்கு இரண்டு இன்ஹேலர் உண்டு. பழுப்பு தினமும் இழுக்க வேண்டியது, நோயை அடக்கி வைக்கும். நீலம் மூச்சு முட்டும்போது மட்டும். பழுப்பை விட்டுவிட்டு நீலத்தையே திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள்தான் ஒருநாள் ஆம்புலன்சில் வந்து இறங்குகிறார்கள் என்பதை அவள் வருஷக்கணக்கில் பார்த்திருந்தாள். அப்படிப்பட்டவர்களின் சீட்டில் சிவப்புக் கோடு போடுவாள். "எனக்கே வைத்தியம் சொல்லித் தர்றியா?" என்று அதைப் பார்த்துத் தலைமை மருத்துவர் ஒருமுறை எல்லார் முன்னாலும் கேட்டார். அடுத்த கோட்டை இன்னும் அழுத்திப் போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன் ஒருவன் நீலம் கேட்டு நின்றான். ஆறு வாரத்தில் மூன்றாவது.

"தர முடியாது. முதல்ல உள்ள போய் டாக்டரப் பாருங்க."

"அவரு எழுதின சீட்டுதாங்க இது. எடுத்துக் குடுக்கறதுதான் உங்க வேலை."

"நாலு மாசமா பழுப்பு வாங்கல. நெஞ்சு விசிலடிக்கறது இங்க வரைக்கும் கேக்குது. ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?"

"நான் மருந்து வாங்க வந்தேனா, ஜோசியம் கேக்க வந்தேனா?" கண்ணாடியில் ஓங்கித் தட்டினான்.

சத்தம் கேட்டுத் தலைமை மருத்துவர் வந்தார். "குடுத்து அனுப்பும்மா. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது."

"நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப்ப வெச்சு ஒரு தடவை பாருங்க சார்."

"நாளையிலிருந்து நீ மருந்துக் கிடங்குக்குப் போ."

அவள் நீலத்தை எடுத்து எறியாத குறையாகக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை அவன் பட்டறையிலேயே மூச்சடைத்து விழுந்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் மூச்சுக் குழாய் போட்டார்கள். அவன் மனைவி விசாரித்துக்கொண்டு நேரே கிடங்குக்கு வந்தாள். "உனக்குத் தெரிஞ்சிருக்கு இல்ல? தெரிஞ்சும் எதுக்குடி குடுத்த?"



அன்றே ஜன்னலில் வாங்கி வைத்திருந்த, சிவப்புக் கோடு போட்ட சீட்டுகளையெல்லாம் தேடி எடுத்து மருத்துவரின் மேஜையில் போட்டாள். "அந்த ஆளு இல்லாம இருபத்திரண்டு பேரு. ஒம்பது பேரு ஏற்கெனவே குழாயோட படுத்து எழுந்தாச்சு. மிச்சம் பதிமூணு பேரையாவது கூப்பிடுங்க."

"வெளியே போ."

போனாள். ஆனால் மறுநாள் காலையிலேயே மருத்துவரின் நர்ஸ் அந்தப் பதின்மூன்று வீடுகளுக்கும் போன் செய்ய ஆரம்பித்தாள்.

பெயின்ட் அடிப்பவன் பிழைத்துக்கொண்டான். பெயின்ட் நெடி ஆகாதென்று அந்த வேலையை விட்டு வேன் ஓட்டப் போனான். அவனோ அவன் மனைவியோ அவளைப் பார்க்க வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மருத்துவர் கிடங்கு வாசலில் வந்து நின்றார். "பன்னெண்டு பேரு வந்துட்டாங்க. நீ திரும்ப ஜன்னலுக்கு வரலாம்."

"மீதி ஒருத்தர்?"

"போனை எடுக்கல."

"அப்ப இங்க நின்னு என்ன பண்றீங்க?"

அவர் முகம் கறுத்துவிட்டது. திரும்பி நடந்தார். அன்று மத்தியானம் மருத்துவமனை வண்டி ஒன்று அந்த ஒருவரின் வீட்டைத் தேடிக் கிளம்பியது.