சித்தப்பா கொடுத்த தண்ணீர்

ஆவூரில் சித்தப்பா வீட்டு வாசற்கதவை ஒட்டி ஓர் எவர்சில்வர் செம்பு தண்ணீரோடு இருக்கும். வந்தவர் யாரென்று கேட்பதற்கு முன்பே செம்பு அவர் கைக்குப் போய்விடும். திருவிழா வரி கேட்டு வந்தவரானாலும், வழி தவறி வந்தவரானாலும், "வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்பார். அந்தக் கதவைப் பகலில் சாத்தி நான் பார்த்ததில்லை.

அந்தப் பழக்கத்தோடுதான் அமெரிக்காவுக்குச் சமையல் வேலைக்குப் போனார். விசா முடிந்தும் தங்கிவிட்டார்; தப்புதான், இல்லையென்று வாதாட நான் வரவில்லை. பிறகு சித்தியும் அங்கே போனாள், மகள் அங்கேயே பிறந்தாள். அவர் இருந்த மாநிலத்தில் ஒரு நல்ல சட்டம் உண்டு. ஆட்களை நாடு கடத்துவது மத்திய அரசின் பாடு, உள்ளூர்ப் போலீஸ் அதற்குத் துணை போகக் கூடாது என்று. ஒருமுறை கார் பின்விளக்கு எரியவில்லையென்று போலீஸ்காரர் நிறுத்தி, அபராதம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றே எனக்குப் போன். "இங்க போலீசு நம்மள எந்த ஊருன்னே கேக்க மாட்டாங்க தாயி. நம்பிப் பேசலாம்." அந்தத் தைரியத்தில், பக்கத்துக் கடைத் திருட்டுக்குச் சாட்சி சொல்லவும் போனார்.

அந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்தது. ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. வந்தவர்கள் சட்டையில் 'போலீஸ்' என்று பெரிதாக எழுதியிருந்தது. உண்மையில் அவர்கள் மத்திய அரசின் குடியேற்றத் துறை ஆட்கள். நீதிபதியின் உத்தரவு அவர்கள் கையில் இல்லை. வீட்டுக்காரர் கூப்பிட்டாலொழிய உள்ளே நுழைய முடியாது. சித்தப்பா கூப்பிட்டார். சாட்சி விஷயமாக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, உட்காரச் சொல்லித் தண்ணீரும் கொண்டுவந்தார். "குடிச்சிட்டுத்தான் வெலங்கு மாட்டுனாங்க" என்று சித்தி போனில் அழுதாள்.

சட்டத்தைக் காக்க வந்தவர்களாம்! மாநிலம் போட்ட வேலியைத் தாண்ட முடியாமல், ஊர்ப் போலீசின் பெயரையே சட்டையில் மாட்டிக்கொண்டு வருவது எந்த ஊர் நியாயம்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பது வேறென்ன?

போன வாரம் ஆவூர் போனேன். சித்தியும் மகளும் இன்னும் அமெரிக்காவில். திருப்பி அனுப்பப்பட்ட சித்தப்பா இங்கே தனியாக. நட்டநடுப் பகலில் கதவு தாழிட்டிருந்தது.

"யாரு?"

"நான்தான் சித்தப்பா."

"கூட யாரு வந்துருக்கா?"

ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகே திறந்தார். 'வா' என்று சொல்லவில்லை. செம்பு மூலையில் கவிழ்ந்து கிடந்தது. கழுவித் தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினேன். அதை வாங்குவதற்கு முன், எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.