சீர்த்தட்டில் ஏறிய என் டேப்லெட்

நான்கு வருடங்களுக்கு முன்பு, திருமயத்தை ஒட்டிய எங்கள் ஊரில் நடந்தது இது. இத்தனை நாளில் மனசு ஆறிப்போயிருக்கும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கே ஆறியது? எழுத எழுதக் கோபம்தான் வருகிறது.

என் கணவருக்கு அபுதாபியில் வேலை. வீட்டில் நானும் மாமியாரும்தான். எனக்குப் படம் வரைவதென்றால் சின்ன வயதிலிருந்தே உயிர். மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்ததும், போனில் ஒரு இலவச செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு விரலாலேயே வரைவேன். ஆடு, கோழி, டவுன் பஸ், பஸ்ஸுக்குள் கூடையை வைத்துக்கொண்டு கண்டக்டரோடு சண்டை போடும் பெண்கள், இப்படி. என் தோழி ஒருத்தி அதில் சிலவற்றைச் சென்னையில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் ஒரு அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். அவரே என்னை அழைத்தார். படத்தில் உயிர் இருக்கிறது, ஆனால் விரலால் வரைவதால் கோடு நடுங்குகிறது, அச்சுக்கு ஆகாது என்றார். பேனாவால் வரைகிற டேப்லெட் ஒன்று வாங்கி, அவர் அனுப்பும் கதைக்கு நாலைந்து படம் போட்டுக் காட்டச் சொன்னார். பிடித்திருந்தால் முழுப் புத்தகமும் எனக்கு. சித்திரை பிறப்பதற்குள் வேண்டும் என்றார். அப்போது மார்கழி.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் எதை வாங்குவது என்று ஒரு எழவும் தெரியாது. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொன்னார்கள். கடைசியில் விஷயம் இவ்வளவுதான் என்று புரிந்தது. ஒரு வகை வெறும் பலகை மாதிரி இருக்கும், அதில் திரை கிடையாது. பலகையில் பேனாவால் வரைந்தால் கோடு போனிலோ கம்ப்யூட்டரிலோ தெரியும். இன்னொரு வகையில் திரை உண்டு, பேனா படுகிற இடத்திலேயே கோடு விழும். பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் நான் பார்த்த அந்த வகை எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், தனியாகக் கரண்டும் வேண்டும். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. கரண்டோ நினைத்தால் வரும்.

திருமயத்தில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிற ஸ்டுடியோ ஒன்றில் அந்தப் பலகை வகை இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அதை நடத்தியவர் நல்ல மனுஷன். ஒரு சின்ன இணைப்பை மாட்டி என் போனிலேயே பொருத்திக் கொடுத்தார். முதல் கோடு எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. கை ஒரு இடத்தில், கண் ஒரு இடத்தில். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பின்னல் போடுகிற மாதிரிதான் அது, பழக வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆடு வரைந்துவிட்டேன். கோடு நடுங்கவே இல்லை. அழுத்தினால் தடிக்கிறது, தளர்த்தினால் மெலிகிறது. அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதுதான் வேண்டும் என்று கணவருக்குப் படத்தோடு அனுப்பினேன். அளவு, மாடல், போனில் வேலை செய்யும், கம்ப்யூட்டர் தேவையில்லை, எல்லாம் சொன்னேன். இங்கேயே ஆன்லைனில் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பொங்கலுக்கு வரும்போது தானே கொண்டுவருவதாகவும், அங்கேதான் ஒரிஜினல் கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் ஊசி நூல்கூட வெளிநாட்டிலிருந்து வந்தால்தான் ஒரிஜினல்.

வந்தார். பெட்டியைப் பிரித்து சென்ட்டு, சோப்பு, கம்பளி எல்லாம் எடுத்து வைத்த பிறகு, கடைசியாக ஒரு பெரிய அட்டைப் பெட்டியை என் மடியில் வைத்தார். மேலே இருந்த படத்தைப் பார்த்தேன். திரை உள்ளது. நான் வேண்டாம் என்று சொன்ன அதே வகை.

"நீ கேட்டது சிலேட்டு மாதிரில்ல இருந்துச்சு. இதயா ஒம்புருசன் தூக்கிட்டு வந்தான்னு நாளைக்கு யாரும் ஒன்னியக் கேக்கக் கூடாதுல்ல, அதான் பெருசாவே வாங்கிட்டேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெயிலில் நின்று சம்பாதித்ததில் வாங்கியது. இருந்தாலும் மெதுவாக, இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டுமே என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. ஆசையாக வாங்கி வந்தவனிடம் நொட்டை சொல்லாதே என்று மாமியார் அதட்டினார். அடுத்த லீவுக்கு லேப்டாப்பும் வாங்கி வருகிறேன், அதுவரை பிரிக்காமல் வை, தூசி படியும் என்றார் கணவர். பெட்டி பீரோவுக்கு மேலே ஏறியது. அவர் விமானம் ஏறினார்.

நான் கேட்ட அந்தச் சின்னப் பலகையை நானே வாங்கிவிடலாம்தான். வாங்கினால், அப்போ நான் கொண்டுவந்தது வீணா என்று அவர் வருத்தப்படுவார். வாயைக் கட்டிக்கொண்டு வேறு வழி தேடினேன். ஸ்டுடியோக்காரரிடமே கேட்டேன். மத்தியான நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கிறது, கொண்டுவந்து மாட்டி வரைந்துகொள்ளுங்கள் என்றார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. ஆம்பளைகள் வந்து போகிற கடையில் வீட்டுப் பெண் உட்காருவதா என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். நான் கெஞ்சி, அழுது, கணவரை விட்டுப் பேச வைத்த பிறகு ஒருவழியாகச் சரி என்றார். திங்கட்கிழமை நல்ல நாள், அன்றைக்குப் பெட்டியைப் பிரிக்கலாம் என்று அவரே சொன்னார். சென்னை அம்மா அனுப்பிய கதை எனக்கு மனப்பாடமாகவே தெரியும். ஒவ்வொரு படத்தையும் தாளில் பென்சிலால் போட்டுத் தயாராக வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் மகள் பெரியவளாகிவிட்டாள். சந்தோஷச் சேதிதான், நானும் சந்தோஷப்பட்டேன். சடங்குக்குத் தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். தாய்மாமன் என் கணவர். அவரால் லீவு போட்டு வர முடியாது. ஆள் வராத குறை தெரியாமல் சீராவது எடுப்பாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் மகனும் போனில் பேசிக்கொண்டார்கள். பிறகு போன் என் கைக்கு வந்தது. கணவர்தான் பேசினார்.

"அந்தப் பெட்டிய வச்சிரலாம். நீதான் இன்னும் பிரிக்கவே இல்லல்ல. ஒனக்கு வேற வாங்கித் தாரேன்."

நாளைக்குப் பிரிக்கப் போகிறேன் என்றேன். அதற்கு அவர், அக்கா வீட்டில் நாலு பேருக்கு முன்னால் தலை குனிய வைத்துவிடாதே என்றார். வேண்டாம் என்றால் நாத்தனார் மகளுக்குக் கொடுக்க மனசில்லாதவள் என்றுதான் ஊரே சொல்லும்.

சடங்கன்று பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மேளம், வேட்டு, சீர் ஊர்வலம். பழம், பலகாரம், பட்டுச் சேலை என்று வரிசையாகத் தட்டுகள். தாய்மாமன் பெண்டாட்டி என்பதால் முதல் தட்டு என் கையில். அதில் ஜிகினாத்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, என் டேப்லெட். என் பொருளை நானே சுமந்து போய் வைத்தேன். மண்டபத்து வாசலில் ஒரு அம்மா இது என்ன டிவியா என்று கேட்க, மாமியார் பெருமையாகச் சொன்னார், "கம்ப்யூட்டர்ல படம் போடுறதுங்க. எம்மகன் வெளிநாட்டுலேருந்து வாங்கியாந்தது. புள்ள படிப்புக்கு ஆகும்ல." போட்டோகிராபர் என்னைத் தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். அந்தப் போட்டோ ஆல்பத்தில் நன்றாகவே வந்திருக்கிறது.

சீர்ச் செலவில் என் கைக்காசும் கரைந்துபோக, வேறு வாங்க வழியில்லாமலே சித்திரை பிறந்தது. சென்னை அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் நாள் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. புத்தகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும் அடுத்த முறை பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்த அடுத்த முறை இன்றுவரை வரவில்லை.

ஆடி மாதம் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது அது அலமாரிக் கண்ணாடிக்குள் ரிப்பன்கூட அவிழ்க்காமல் நின்றது. அவர்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. அந்தப் பிள்ளை என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்.

"அத்தை, இது ஒங்களுக்கு வாங்குனதாமே, அம்மாச்சி சொல்லுச்சு. நீங்களே எடுத்துட்டுப் போங்க அத்தை."

அடுப்படியிலிருந்து நாத்தனார் கேட்டுவிட்டார். "சீரா வந்தத திருப்பிக் குடுத்துட்டு இந்த வீட்டுல நான் எப்புடிங்க தலை நிமிந்து இருக்கிறது?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எல்லோர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சல். யாரைத் திட்டுவது? பிள்ளையின் கன்னத்தைத் தடவிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த லீவில் கணவரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் கொட்டினேன். புத்தகம் கைவிட்டுப் போனதையும் சொன்னேன். அவர், "அம்புட்டு முக்கியம்னு நீ சொல்லவே இல்லியே" என்றார். படத்தோடு அனுப்பினேன், அளவு சொன்னேன், மாடல் சொன்னேன், அழுதேன். இன்னும் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. லேப்டாப் பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசில் அந்தச் சின்னப் பலகையை ஆன்லைனில் வாங்கினேன். இப்போது அதில்தான் அக்கம்பக்கத்துக்குக் கல்யாண அழைப்பும் பிறந்தநாள் வாழ்த்தும் போட்டுக் கொடுக்கிறேன். சடங்கு அழைப்பும் உண்டு. அது வந்த அன்று, கொரியர்க்காரர் தெருமுனை திரும்புவதற்குள் அட்டையை நார் நாராகக் கிழித்துவிட்டேன். ஊக்கை எடுத்துப் பலகையின் முதுகில் ஆழமாக ஒரு கீறலும் போட்டேன். மாமியார் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

காலேஜ் படிக்கும் பெண்கள் சிலர், முதல் தடவை எந்த டேப்லெட் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டு வருவார்கள். திரை வேண்டாம், உங்கள் போனில் வேலை செய்யுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சின்ன அளவே போதும் என்று எல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறேன். போகும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: வந்த அன்றைக்கே பிரித்து, யாரும் பார்க்கும் முன்னால் அதில் ஒரு கீறல் போட்டுவிடுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் ஒரு பெண்ணின் பொருள் புதுசாக இருக்கும்வரை அது அவளுடையது இல்லை.