மூன்று கருப்பையாக்கள்

எங்கள் குடும்பத்தில் மூன்று கருப்பையாக்கள் இருந்தார்கள். நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் கல்வீட்டைக் கட்டிய, தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கிய பெரிய கங்காணி முதலாமவர். அவருடைய இரண்டு மகன்களும் தத்தம் தலைப்பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே வைத்தார்கள். மாமனார் பெயரை அம்மா வாயால் சொல்லமாட்டார். அதனால் வீட்டில் அவர்கள் கட்டினவர், இருந்தவர், போனவர். இருந்தவர் அப்பாவைப் பெற்ற என் தாத்தா. போனவர் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டவர். மூவரையும் நான் பார்த்ததில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, பழைய வீடுகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிப் பதுளையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அப்பா நம்பவில்லை. காணி பார்க்க யாரோ அனுப்பிய ஆள் என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். டீச்சர் போனை எடுக்கும்போதெல்லாம் அப்பாவின் கண் அதன்மேலேயே இருந்தது. கட்டினவருக்குப் பிறகு இங்கே இருந்தது ஒரே கருப்பையாதான், அவர் தன் தகப்பனார் என்று அடித்துச் சொன்னார்.

டீச்சர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார். பிறகு டீச்சர் என்னைப் பார்த்தார். கட்டினவர், இருந்தவர், போனவர் என்று நான் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னேன்.

டீச்சருக்கு அது புதிதில்லை. போனவரின் மகளைத் திருச்சியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வீடு கருப்பையாவுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கட்டினவர் கண்ணை மூடினார் என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம்.

"இங்கயும் அதே பேச்சுதான்," என்றார் அப்பா.

"எந்தக் கருப்பையாவுக்குங்க?" என்றார் டீச்சர்.

அப்பா எழுந்து நின்றார்.

அந்த மகள் வீட்டைக் கேட்கவில்லை, இங்கே தன் தகப்பன் பிறந்த அறையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அவ்வளவுதான் என்றார் டீச்சர்.

"இன்னைக்குப் படம் கேப்பாங்க. நாளைக்கு? நீங்க போயிட்டு வாங்க டீச்சர்."

டீச்சர் தேயிலைக்கு நடுவே பஸ் பாதைக்கு இறங்கிப் போனார். அம்மா கதவோரம் நின்று, "படந்தானே, எடுத்துட்டுப் போகட்டுமே. நம்ம வீடுன்னா என்ன பயம்?" என்றார். அப்பா உள்ளே போனார்.

அந்த வாரமே உருளைக்கிழங்கு மூட்டைகளை அந்த அறையில் அடுக்கிப் பூட்டுப் போட்டார். பாதையில் யார் தெரிந்தாலும் எழுந்து நின்று பார்த்தார். யாரோ வந்து எங்கள் வீட்டைப் பறிக்கப் போகிறார்கள் என்று நம்பி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் வாசலில் காவல் இருந்தேன். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் அப்பாவுக்கே தெரியாது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.