ஹெப்சிபா நிரப்பிய விண்ணப்பங்கள்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம், ஒரு பேக்கரிக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் ஹெப்சிபாவின் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், நெட், ஆன்லைன் விண்ணப்பம். உள்ளே மூன்று பேர் உட்காரலாம். நான்காவது ஆள் வந்தால் வெளியே நிற்கும் அவள் ஸ்கூட்டரில்தான் உட்கார வேண்டும். கணவர் ஆல்வின் ஸ்பின்னிங் மில்லில் பிட்டர். பட்டா, வருமானச் சான்று, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை என்று அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. கலைஞர்களுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சர்ச் பாடகர் குழுவில்கூட அவளை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள், சுருதி சேரவில்லை என்று.

கொரோனா வருடத்தில்தான் சேத்தூரிலிருந்து வெங்கடேஸ்வரி வந்தாள். கரகம் ஆடுகிறவள். கோயில் கொடைத் திருவிழாக்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன.

"நல வாரியத்துல பதிஞ்சவுகளுக்குத்தான் நிவாரணம்னு சொல்லுதாக. இருவத்தெட்டு வருசமா ஆடுதேன், எங்க போயி பதியன்னு யாருமே சொல்லலியே" என்றாள்.

"எனக்கும் தெரியாதுக்கா. செத்த இருங்க, பாப்போம்" என்று ஹெப்சிபா விதிமுறைகளைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தாள். கலைஞர் என்பதற்குச் சான்று வேண்டும் என்றிருந்தது. வெங்கடேஸ்வரியிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை.

"கொடை நோட்டீஸ்ல உங்க பேரு போடுவாகல்ல?"

அது போதுமா என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது. ஆனாலும் வெங்கடேஸ்வரி ஊர் ஊராகப் போய்ப் பழைய நோட்டீஸ்களைத் தேடினாள். மஞ்சளும் ரோஸுமாகப் பதினோரு நோட்டீஸ் கிடைத்தது. நிவாரணத்துக்கான தேதி முடிந்துவிட்டிருந்தது. ஆனால் அடுத்த வருடம் உறுப்பினர் அட்டை வந்தது. அதன்பிறகு சனிக்கிழமையானால் தவில்காரர், வில்லுப்பாட்டுக்காரர், ஒயிலாட்டக்காரர் என்று ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். எந்த உதவித்தொகைக்கு எந்த மாதம் அறிவிப்பு வரும் என்பதை ஹெப்சிபா காலண்டரில் குறித்து வைத்தாள்.

2023இல் வெங்கடேஸ்வரியே தவராசாவை அழைத்து வந்தாள். மன்னாரிலிருந்து எட்டு வயதில் படகேறி வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் குடும்பம். வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கிற வேலை. தகப்பனிடம் கற்ற கூத்தை, முகாமில் மாதா திருநாளுக்குப் போட்டுவந்தார். இப்போது சொந்தமாக ஒரு கூத்து எழுதியிருந்தார். மத்தளம் வாங்க வேண்டும், உடை தைக்க வேண்டும், ஒரு மேடை வேண்டும்.

ஹெப்சிபா டெல்லி உதவித்தொகை ஒன்றைத் தேடி எடுத்தாள். அன்றுதான் கடைசி நாள். காகிதங்களைக் கொடுத்துவிட்டுத் தவராசா வேலைக்குப் போய்விட்டார். அவரிடம் ஆதார் அட்டை இருந்தது. 'இந்தியக் குடிமகனா' என்ற இடத்தில் 'ஆம்' போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். ஆயிரம் பேருக்கு அழுத்திய கை, அன்றும் அழுத்திவிட்டது.

இரண்டு மாதம் கழித்துச் சரிபார்க்கச் சொல்லி டெல்லியிலிருந்து மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. தவராசாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு நாள் வேலை போயிற்று. மூன்றாம் நாள் கடைக்கு வந்தவர் உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றார்.

"தங்கச்சி, நான் இந்தியன் எண்டு எழுதச் சொன்னனானோ?"

ஹெப்சிபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "உங்கள கேக்காமலே நான் போட்டுட்டேன், அண்ணே."

"முப்பத்து மூண்டு வருசமா ஒரு கடுதாசியிலயும் நான் பொய் எழுதேல்ல. எனக்கு இருக்கிற காப்பு அது ஒண்டுதான்."

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வீட்டுக்கு வந்து ஆல்வினிடம் சொன்னாள். தப்பைத் தன் பேரில் எழுதிக் கொடுக்கப்போவதாகவும் சொன்னாள்.

"எழுதிக் குடுத்தா உன் ஐடிய முடக்கிருவாக. கடை என்னாவும்?"

"எழுதலேன்னா அவிய என்னாவாக?"

மறுநாள் ஆல்வின் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, தானும் கூட வந்தார்.

விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் நான் செய்த பிழை என்று எழுதி ஹெப்சிபா கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்தில் இருந்த அதிகாரியம்மா அரை மணி நேரம் திட்டித் தீர்த்தார். தவராசாவை இனி விசாரிக்க வேண்டியதில்லை என்று முடித்தார். ஹெப்சிபாவின் சேவை எண்ணை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

அந்த ஒரு மாதம் கடையில் ஜெராக்ஸ் மட்டும்தான். சும்மா இருந்த நேரத்தில் அரசாங்கம் அல்லாத அறக்கட்டளைகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பாதி புரியவில்லை; அகராதி வைத்துக்கொண்டாள். பெங்களூரில் ஓர் அறக்கட்டளை, எந்த நாட்டுக்காரர் என்று கேட்கவே இல்லை. எங்கே வாழ்கிறீர்கள், எங்கே நிகழ்த்துவீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தது. ஆனால் பதிவு பெற்ற குழுவுக்குத்தான் பணம் தருவார்கள்.

வெங்கடேஸ்வரியின் கரகாட்டக் குழு ஏற்கெனவே சங்கமாகப் பதிவு பெற்றிருந்தது. தவராசாவின் கூத்துக்கு அந்தப் பேரில் விண்ணப்பிக்கலாமா என்று அவளிடம் போய்க் கேட்டாள். குழுவில் நையாண்டி மேளம் அடிக்கும் முத்துப்பாண்டிக்கு இஷ்டமில்லை.

"நம்ம பேருல வேற யாரோ வந்து ஆடுவாகளோ?"

"வேற யாரோ இல்ல, நம்மளோட சேந்து ஆடுவாக. ஒனக்குப் பிடிக்கலேன்னா மேளத்த வச்சுட்டுப் போலே" என்றாள் வெங்கடேஸ்வரி. முத்துப்பாண்டி போகவில்லை.

தவராசாவிடம் கேட்கத்தான் ஹெப்சிபாவுக்குப் பயமாக இருந்தது. முகாமுக்கே போனாள். இந்தத் தடவை ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். பதிலை அவர் சொன்னபடியே எழுதினாள். கடைசியில் போனை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர்தான் அழுத்தினார்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. ஹெப்சிபாவின் கடையில், ஜெராக்ஸ் மெஷினைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு, தவராசாவும் வெங்கடேஸ்வரியும் நின்றார்கள். கரகமும் கூத்தும் எப்படிச் சேரும் என்று கேட்டார் தேர்வாளர் ஒருவர். தவராசா விளக்கத் தெரியாமல் திணறினார். பிறகு பட்டென்று பாடத் தொடங்கிவிட்டார். இரண்டாவது அடியில் வெங்கடேஸ்வரியின் கால் தானாகத் தாளம் போட்டது. மூன்றாவது அடியில், தலையில் கரகம் இல்லாமலே, நான்கடி இடத்துக்குள் சுற்றிச் சுற்றி ஆடினாள். பேக்கரிக்கு வந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். வேறு கேள்வி கேட்கத் தேர்வாளர்களுக்கு மறந்துபோயிற்று.

கேட்டதில் பாதித் தொகை வந்தது. மேடைக்கு மண்டபம் பார்த்தபோது அடுத்த சிக்கல் எழுந்தது. முகாமிலிருந்து கூத்தாடுகிற பதினெட்டுப் பேர் ஒன்றாக வெளியே வர, ஆளுக்கொரு அனுமதி வாங்க வேண்டும்.

"அவிய வர முடியலேன்னா நாம போவோம். நமக்கு எந்த ஊரு மண்ணா இருந்தா என்ன?" என்றாள் வெங்கடேஸ்வரி.

மாசி மாதத்து ஞாயிறு மாலை நான்கு மணிக்கு முகாம் மைதானத்தில் கூத்து நடந்தது. படகில் ஏறும் ஒரு குடும்பம் எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்று சண்டை போடுகிற கதை. அம்மிக்கல்லை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் தாயாக வெங்கடேஸ்வரி ஆடினாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. படகு புறப்படும் இடத்தில் முத்துப்பாண்டி மேளத்தைச் சட்டென்று நிறுத்தினான். சிரித்துக்கொண்டிருந்த பெண்களில் சிலர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஜெனரேட்டர் பக்கம் நின்றிருந்த ஆல்வின் மூக்கை உறிஞ்சுவதை ஹெப்சிபா பார்த்தாள். தவராசா கும்பிட்டுவிட்டு, "இது எங்கட தங்கச்சி படிச்சுக் காட்டி வந்தது" என்று மைக்கில் சொன்னார். அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அடுத்த வருடமும் எழுதினார்கள். கிடைக்கவில்லை. வேறொரு இடத்துக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தவராசா இன்னும் பெயின்ட் அடிக்கத்தான் போகிறார்.

போன மாதம் மில் விடுதியிலிருந்து சுமித்ரா என்ற ஒடிசாப் பெண் வந்தாள். தன் ஊர்ப் பாட்டுகளைப் போனில் பாடிப் பதிந்து வைத்திருந்தாள். உதவித்தொகைக்கு அவள் ஊர்த் தாலுகா அலுவலகச் சான்று வேண்டும். தான் கேட்டால் யாரும் மதிப்பதில்லை என்று, பழகிய அரைகுறைத் தமிழில் சொன்னாள். ஹெப்சிபாவுக்கு ஒடியா தெரியாது. கேட்க வேண்டியதை ஒடியாவில் அவளையே சொல்லித் தரச் சொல்லி, தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். சுமித்ராவைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, அந்த அலுவலகத்து எண்ணை அழுத்தினாள். மூன்றாவது தடவையில் யாரோ எடுத்தார்கள். அவள் தாளைப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள்.